அடுத்த கார்ட் தெரியாத இசைக்குழு: அரேஞ்சர் கீபோர்டு ஸ்டைல்கள் எவ்வளவு நிஜம்?

அரேஞ்சர் கீபோர்டில் இடது கை ஒரு கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்) பிடித்ததும் டிரம்ஸ், பேஸ் கிட்டார், அக்கூஸ்டிக் கிட்டார், பின்னால் மெல்லிய ஸ்டிரிங்ஸ் என ஒரு குழுவே வாசிக்கத் தொடங்குகிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஐந்தாறு பேர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போலத்தான் இருக்கும். ஒரே கார்டைப் பிடித்துக்கொண்டிருக்கும்வரை இன்றைய நல்ல கீபோர்டு எதுவும் நம்மை ஏமாற்றிவிடும். கார்ட் மாறும் நொடியில்தான் குட்டு வெளிப்படுகிறது.

இந்தத் தானியங்கிப் பக்கவாத்தியத்துக்கு ஸ்டைல் என்று பெயர். இரண்டு கீபோர்டுகளின் ஸ்டைல்களை ஒப்பிடும்போது பேச்சு பெரும்பாலும் சவுண்டைச் சுற்றியே போகிறது. யாருடைய ஸ்னேர் கனமாக இருக்கிறது, யாருடைய கிட்டாரில் கம்பியின் கிறீச்சொலி கேட்கிறது, மெமரி எத்தனை ஜிகாபைட் என்று. அவையும் முக்கியம்தான். ஆனால் பல வருடங்களாக இந்த வாத்தியங்களோடு உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவது வேறு. ஒரு ஸ்டைல் நிஜமாகக் கேட்கிறதா என்பதைப் பெரும்பாலும் அதன் விதிகள்தான் முடிவு செய்கின்றன. எழுதி வைத்த வாசிப்பை, நாம் அந்தக் கணத்தில் பிடிக்கும் கார்டுக்கு அது எப்படி மாற்றிக்கொள்கிறது என்பதில்தான் கீபோர்டுகள் உண்மையில் வேறுபடுகின்றன.

இந்த ஆசை பழையது. ஹாமண்ட் நிறுவனம் 1950-இல் கார்ட் ஆர்கனைக் கொண்டுவந்தது. ஒரு பட்டனை அழுத்தினால் முழு கார்டும் ஒலிக்கும். 1959-இல் வுர்லிட்ஸரின் சைட்மேன், சுழலும் தட்டில் இருந்த மின்தொடர்புகள் மூலம் டிரம்ஸ் தாளங்களை வாசித்தது. இந்த இரண்டும் பிறகு வீட்டு ஆர்கன்களில் ஒன்றுசேர்ந்தன. 1983-இல் மிடி (வாசிப்பை மின்கட்டளைகளாக மாற்றும் பொது முறை) வந்ததும் வாசிப்பைக் குறிப்புகளாகச் சேமித்து, திருத்தி, வேறு சுதிக்கு மாற்றுவது எளிதாயிற்று. இன்றைய ஸ்டைல் அந்த வழியில் வந்ததுதான்.

ஒரு ஸ்டைலுக்குள் இருப்பது இரண்டே சமாச்சாரம். ஒன்று, யாரோ ஒரு இசைக்கலைஞர் வாசித்துப் பதிந்த சில பார்கள் (தாளத்தின் சுற்றுகள்). இன்ட்ரோ, மெயின், ஃபில் (இடையில் வரும் சிறு டிரம்ஸ் உருட்டல்), எண்டிங் என்று பிரிவு பிரிவாக இருக்கும். இரண்டாவது, கார்ட் மாறினால் அந்தச் சுரங்களை என்ன செய்ய வேண்டும் என்ற விதிகள். யமஹா ஸ்டைலில் எட்டுத் தடங்கள்: ரிதம் இரண்டு, பேஸ் ஒன்று, கார்ட் இரண்டு, பேட் (நீண்டு நிற்கும் ஒலி) ஒன்று, ஃப்ரேஸ் (சிறு இசைத்துணுக்கு) இரண்டு. வழக்கமாக எல்லாம் சி மேஜர் செவன்த் கார்டில் (சி, ஈ, ஜி, பி) பதியப்படும். நாம் ஏ மைனரைப் பிடித்தால் ஒவ்வொரு தடமும் தன் விதிப்படி மாற வேண்டும். இந்தத் தடம் ரூட்டோடு (கார்டுக்குப் பெயர் தரும் அடிச்சுரம்) சேர்ந்து நகர வேண்டுமா, இருந்த இடத்திலேயே அருகிலுள்ள சுரத்துக்குப் போக வேண்டுமா? பி என்ற சுரம் செவன்த் கார்டில் பி ஃபிளாட் ஆக வேண்டுமா? ஒலித்துக்கொண்டிருக்கும் சுரத்தை நிறுத்துவதா, வளைப்பதா, புதிதாகத் தட்டுவதா? கேட்பவருக்கு இதெல்லாம் கண்ணில் படாத கணக்கு. ஆனால் நிஜம் பொய் என்று காது தீர்ப்புச் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

இதே சிக்கலுக்கு மற்ற நிறுவனங்கள் வேறு வழி தேடின. ரோலண்ட் மேஜர், மைனர், செவன்த் மூன்றுக்கும் தனித்தனி பேட்டர்ன் பதியும் முறையைக் கையாண்டது. கோர்க் பிஏ வரிசையில் மெயின் பிரிவின் மாற்று வடிவமான ஒவ்வொரு வேரியேஷனுக்கும் ஆறு வரை கார்ட் வேரியேஷன்கள் வைக்கலாம். எந்த வகைக் கார்டுக்கு எது ஒலிக்க வேண்டும் என்று ஓர் அட்டவணை சொல்லும். மைனருக்கு மாறும்போது அதே வாசிப்பைக் கணக்குப் போட்டு வளைக்காமல், மைனருக்கென்றே ஒருவர் வாசித்ததை எடுத்துப் போட முடிகிறது. மேஜரிலிருந்து மைனருக்குப் போகும்போது ஒரு நல்ல கிட்டாரிஸ்ட் வெறுமனே ரூட்டிலிருந்து எண்ணி வரும் மூன்றாம் சுரத்தை மட்டும் இறக்குவதில்லை, வாசிப்பின் போக்கையே கொஞ்சம் மாற்றுவார். தனிப் பேட்டர்ன் இருந்தால் அந்த மாற்றம் கேட்கும். ஆனால் வசதி இருக்கிறது என்பதற்காக எல்லா ஸ்டைலிலும் ஆறும் நிரப்பப்பட்டிருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. ஒன்றிரண்டை மட்டும் வைத்து, மீதியைக் கணக்குக்கு விட்டுவிட்ட ஸ்டைல்களும் உண்டு.

விதிகளின் சோதனைச்சாலை கிட்டார்தான். இதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம்.

கிட்டாரில் திறந்த சி கார்டை ஸ்ட்ரம் செய்தால் (கம்பிகளைச் சேர்த்துத் தடவினால்) கீழிருந்து மேலாக வருவது சி, ஈ, ஜி, சி, ஈ. இந்த ஐந்தையும் அப்படியே ஐந்து அரைச்சுரம் (அடுத்தடுத்த கட்டைகளின் இடைவெளி) மேலே நகர்த்தினால் எஃப், ஏ, சி, எஃப், ஏ கிடைக்கும். இசைக்கணக்கில் தப்பே இல்லை, எஃப் மேஜர்தான். ஆனால் கிட்டாரிஸ்ட் எஃப் கார்டை முதல் ஃப்ரெட்டில் பாரே போட்டு (ஒரே விரலால் எல்லாக் கம்பிகளையும் அமுக்கி) பிடித்தால் வருவது எஃப், சி, எஃப், ஏ, சி, எஃப். ஆறு கம்பிகளும் ஒலிக்கும், ரூட்டுக்கு அடுத்து ஐந்தாம் சுரம் வரும், கீழ்ப்பகுதி கனமாக இருக்கும். ஏ மைனரிலும் இதே கதைதான். சி கார்டை மூன்று அரைச்சுரம் கீழே இறக்கி மைனராக்கினால் ஏ, சி, ஈ, ஏ, சி. நிஜக் கிட்டாரில் திறந்த ஏ மைனர் என்றால் ஏ, ஈ, ஏ, சி, ஈ. போதாக்குறைக்கு, இப்படி இறக்கிக்கொண்டே போனால் கிட்டாரில் இல்லவே இல்லாத தாழ்ந்த சுரங்களுக்குப் போய்விடும். கேட்பவருக்குக் கிட்டாரின் இலக்கணம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கான பாட்டுகளில் கேட்டுப் பழகிய காது, ‘இது கிட்டார் சத்தம்தான், ஆனால் கிட்டாரிஸ்ட் இல்லை’ என்று உடனே கண்டுபிடித்துவிடுகிறது.

யமஹா 2008-இல் டைரோஸ்3 கீபோர்டுடன் கொண்டுவந்த ஸ்டைல் வடிவத்துக்குக் கிட்டார் எடிஷன் என்றே பெயர். கிட்டார் தடத்துக்கென்று தனி மாற்று விதி அதில் வந்தது. ஸ்ட்ரோக் (சேர்த்துத் தடவுவது), ஆர்பெஜியோ (ஒவ்வொன்றாக மீட்டுவது) என்று வாசிப்பு வகைக்கேற்ற அட்டவணைகளும் வந்தன. கோர்க்கின் கிட்டார் மோடில் தடத்திலுள்ள சுரங்கள் நேரடியாக ஒலிப்பதே இல்லை. ‘இங்கே கீழ்நோக்கி ஒரு ஸ்ட்ரம், இங்கே மேல்நோக்கி, இங்கே இரண்டாம் கம்பி மட்டும்’ என்ற கட்டளைகளாக அவை இருக்கும். எந்தக் கம்பியில் எந்தச் சுரம் என்பதை நாம் பிடிக்கும் கார்டை வைத்துக் கருவி முடிவு செய்யும். இரண்டு வழியும் ஒரே ஞானத்திலிருந்து வந்தவை: கிட்டாரைச் சுரங்களின் கூட்டமாகப் பார்க்காமல் ஆறு கம்பிகளாகப் பார்த்தால்தான் கார்ட் மாற்றம் கைமாற்றமாகக் கேட்கும். என்னைக் கேட்டால், அரேஞ்சர் கீபோர்டுகளின் வரலாற்றில் நிஜத்தை நோக்கி எடுத்துவைத்த மிகப் பெரிய அடி இதுதான். சாம்பிள் (பதிந்த ஒலித்துணுக்கு) மெமரி பெருகியதைக்கூட நான் இதற்கு அடுத்தபடியாகத்தான் வைப்பேன்.

சவுண்டின் பங்கையும் சொல்லிவிட வேண்டும். யமஹா 2002-இல் முதல் டைரோஸில் அறிமுகப்படுத்திய மெகா வாய்ஸில், ஒரு சுரத்தின் வெலாசிட்டி (கட்டையைத் தட்டும் வேகம்) அளவு அதன் சத்தத்தை மட்டும் தீர்மானிப்பதில்லை, வாசிக்கும் விதத்தையே தீர்மானிக்கிறது. குறைந்த அளவுகளில் மென்மையாக மீட்டிய கம்பி, இன்னும் மேலே போனால் அமுக்கிய கம்பி, ஹேமரிங், ஸ்லைடு, உச்சியில் ஹார்மோனிக்ஸ். கைக்கு எட்டாத உயரத்துச் சுரங்களில் ஸ்ட்ரம் உரசலும் ஃப்ரெட் சத்தமும். விரலால் வாசித்தால் கன்னாபின்னாவென்று ஒலிக்கும், ஏனென்றால் அது ஸ்டைல் எழுதுபவர்களுக்கான வாய்ஸ். இதனால் ஒரு விளைவு உண்டு. யமஹா ஸ்டைலை வேறு நிறுவனக் கீபோர்டுக்கு மாற்றிப் போட்டுக் கேட்டுவிட்டு, அந்தக் கீபோர்டு மட்டமென்று தீர்ப்புச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஸ்லைடாக இருக்க வேண்டிய இடம் அங்கே ஓங்கிய அறையாக விழுந்திருக்கும். அந்தக் குறை கீபோர்டினுடையது அல்ல, மாற்றத்தில் தொலைந்துபோன இலக்கணம்.

கிட்டாரை ஒருவழியாக வசப்படுத்திவிட்டார்கள். பேஸ் இன்னும் வசப்படவில்லை. அதற்குக் காரணம் எந்த நிறுவனத்தின் திறமைக் குறைவும் அல்ல.

நல்ல பேஸ் வாசிப்பாளர் சி கார்டில் நிற்கும்போதே அடுத்து எஃப் வரப்போகிறது என்று அறிந்திருப்பார். பாரின் கடைசி இரண்டு பீட்டில் டி, ஈ என்று ஏறி, அடுத்த பாரின் முதல் பீட்டில் எஃப்-இல் கால் வைப்பார். கேட்பவரை முன்னே இழுத்துச் செல்வது அந்த இரண்டு படிகள்தான். அரேஞ்சர் கீபோர்டுக்கு அந்த பாக்கியம் இல்லை. நாம் கை வைத்த பிறகுதான் அதற்கு அடுத்த கார்ட் எதுவென்றே தெரியும். டி, ஈ என்று ஏறும் பேட்டர்னை எழுதி வைத்தால் எஃப் வரும்போது அற்புதமாக இருக்கும். சி-யிலேயே தொடர்ந்தால், படியேறிப் போய்க் கதவைத் தட்டாமல் திரும்பி வந்த மாதிரி ஆகிவிடும்.

அதனால் ஸ்டைல் எழுதுபவர்கள் தற்காப்பாக எழுதுகிறார்கள். ரூட், ஐந்தாம் சுரம், மேல் ஸ்தாயி ரூட். இவை எந்தக் கார்டுக்குப் போனாலும் இடிக்காது. ஸ்டைல்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன என்ற சலிப்பின் வேர் பெரும்பாலும் இங்கேதான். எல்லாக் கார்டுக்கும் பொருந்த வேண்டிய வாசிப்பு எந்தக் கார்டுக்கும் சொந்தமில்லாமல் போகிறது. குணம் கூடக் கூட, தப்பான இடத்தில் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பும் கூடுகிறது. ஆகவே ஒரு ஸ்டைல் டெமோவில் பிரமாதமாகக் கேட்டு, நம் பாட்டுக்கு வாசிக்கும்போது உறுத்தினால் ஆச்சரியப்பட வேண்டாம். டெமோ வாசித்தவர் எந்தக் கார்டுக்கு எந்தப் படி பொருந்தும் என்று அறிந்து வாசித்திருப்பார்.

இரண்டு சின்ன சோதனைகள் பேஸின் அறிவை உடனே காட்டிக்கொடுக்கும். சி டிமினிஷ்ட் பிடித்துப் பாருங்கள். அதன் ஐந்தாம் சுரம் ஜி ஃபிளாட். விதி சரியில்லாத ஸ்டைலில் பேஸ் வழக்கம்போல் ஜி-யைத் தட்டி, மேலே இருக்கும் கார்டோடு மோதும். அடுத்து, பேஸில் ஈ வைத்த சி கார்ட். பேட்டர்ன் ரூட், ஐந்தாம் சுரம் என்று மாறி மாறிப் போவதாக வைத்துக்கொள்வோம். ஈ-யையே ரூட்டாக எண்ணி வெறுமனே நகர்த்தினால் பேஸ் ஈ, பி என்று வாசிக்கும். பி-க்கு சி மேஜர் கார்டில் இடமில்லை. மனித வாசிப்பாளர் ஈ-க்குப் பிறகு ஜி-க்கோ சி-க்கோ போவார்.

டிரம்ஸுக்குக் கார்ட் மாற்றத் தொல்லை கிடையாது, அதனால்தான் அது முதலில் நிஜமானது. அங்கே பிரச்சினை திரும்பத் திரும்ப வருவது. 120 டெம்போவில் (நிமிடத்துக்கு 120 பீட், பாருக்கு நான்கு பீட்) நான்கு பார் பேட்டர்ன் எட்டு வினாடியில் முடிந்துவிடும். நான்கு நிமிடப் பாட்டில் அதே வேரியேஷனில் நின்றால் அந்த எட்டு வினாடியை முப்பது முறை கேட்கிறோம். ஒரே ஸ்னேர் சாம்பிள் ஒரே அழுத்தத்தில் வந்தால் இயந்திரத் துப்பாக்கி மாதிரி இருக்கும். 2017-இல் வந்த யமஹா ஜெனோஸின் ரெவோ டிரம்ஸில் அடிக்கு அடி சாம்பிள் மாறுகிறது, அதே பேட்டர்னிலும் ஹை-ஹேட் கொஞ்சம் மூச்சு விடுகிறது. இத்தாலியின் கெட்ரான் வேறு பாதையில் போனது. ஆடியா முதலான மாடல்களில் நிஜ டிரம்மர்கள் வாசித்த ஆடியோவையே ஓடவிட்டது, கிட்டாரிலும் அதையே செய்தது. யமஹாவும் 2013-இன் டைரோஸ்5-இல் ஆடியோ ஸ்டைல்களை வைத்தது.

ஆடியோ டிரம்ஸை முதல்முறை கேட்கும்போது அறையில் காற்று புகுந்த மாதிரி இருக்கும். சிம்பல் அடங்கும் விதம், ஸ்டுடியோவின் எதிரொலி, கிக்கும் ஸ்னேரும் ஒட்டி ஒலிக்கும் நெருக்கம், எல்லாமே அசல். விலை வேறு இடத்தில் கொடுக்க வேண்டியிருக்கிறது. பதிந்த டெம்போவிலிருந்து வெகுதூரம் போனால் ஒலியை இழுப்பதும் சுருக்குவதும் காதில் தட்டுப்படும். கலந்து பதிந்த ஆடியோவில் ஸ்னேர் மட்டும் பிடிக்கவில்லை என்றால் மாற்ற முடியாது. பாட்டு மென்மையாகும்போது ஒலியைக் குறைக்கலாம். ஆனால் மெதுவாக அடித்த டிரம்ஸும் ஒலியைக் குறைத்த டிரம்ஸும் ஒன்றல்ல. மேடையில் பாடகர் சட்டென்று டெம்போவை மாற்றுவார் என்றால் நான் மிடி டிரம்ஸையே நம்புவேன். ஒரே டெம்போவில் அமைதியாகப் பதிவு செய்ய வேண்டுமென்றால் ஆடியோ டிரம்ஸை எடுப்பேன்.

மிடிக்கும் டெம்போவில் ஒரு பலவீனம் உண்டு. சுரங்களின் நேரம் வினாடிக் கணக்கில் சேமிக்கப்படுவதில்லை, பீட்டின் பின்னங்களாகச் சேமிக்கப்படுகிறது. பீட்டை 1920 கூறுகளாகப் பிரிக்கும் கருவியில் 120 டெம்போவில் ஒரு கூறு சுமார் கால் மில்லிவினாடி. நுட்பத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் டெம்போவைப் பாதியாக்கினால் எல்லாமே இரு மடங்காக இழுபடும். ஆறு கம்பிகளையும் 40 மில்லிவினாடியில் தடவிய ஸ்ட்ரம், 60 டெம்போவில் 80 எடுத்துக்கொள்ளும். பாட்டு மெதுவானால் கிட்டாரிஸ்ட்டின் மணிக்கட்டும் பாதி வேகத்தில் நகருமா என்ன? ஜாஸின் துள்ளல் தாளமான ஸ்விங்கிலும் இதே சங்கடம். ஜாஸ் டிரம்மர்களின் ரைடு சிம்பலை அளந்து பார்த்தபோது, மெதுவான பாட்டுகளில் ஒரு பீட்டின் இரண்டு தட்டுகளில் முதலாவது இரண்டாவதைவிட மூன்றரை மடங்கு வரை நீண்டிருந்தது. வேகம் கூடக் கூட இரண்டும் கிட்டத்தட்டச் சமமாகிவிட்டன. ஸ்டைலில் பதிந்த விகிதமோ எந்த வேகத்திலும் மாறுவதில்லை. அதனால்தான் ஸ்விங் ஸ்டைலை அதன் சொந்த டெம்போவைவிட வேகமாக ஓட்டினால் துள்ளல் நொண்டலாகிறது. ஸ்டைலைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் பெயரைப் பார்ப்பதைவிட, அது எந்த டெம்போவில் எழுதப்பட்டது என்று பார்ப்பது பயன் தரும். திரையில் தோன்றும் தொடக்க டெம்போவே அதைச் சொல்லிவிடும். அதிலிருந்து பத்துப் பதினைந்துக்கு மேல் விலகினால் வேறு ஸ்டைல் தேடுவது என் வழக்கம்.

ஃபில் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலான ஃபில்கள் ஒரு முழு பாருக்கு எழுதப்பட்டவை. எட்டு பாருக்கு ஒருமுறை பட்டனைத் தட்டி, ஒவ்வொரு முறையும் முழு பார் ஃபில் போட்டால், பக்கவாத்தியம் இயந்திரம்தான் என்று நாமே ஒப்புதல் வாக்குமூலம் கொடுப்பது போல. நிஜ டிரம்மர் பல இடங்களில் கடைசி ஒரு பீட்டை மட்டும் உருட்டிவிட்டுப் போவார். பாரின் நடுவில் தட்டினால் அங்கிருந்தே ஃபில் தொடங்கும் கீபோர்டுகளில், மூன்றாவது பீட்டில் தட்டிப் பாருங்கள், அரை பார் ஃபில் கிடைக்கும். யமஹாவின் அண்மைக்கால மாடல்களில் யூனிசன் அண்ட் ஆக்சென்ட் வசதியும் உண்டு. நாம் அழுத்தி வாசித்த இடத்தில் டிரம்ஸும் சேர்ந்து அழுத்தும். குழு நம் கையைக் கவனிக்கிறது என்ற உணர்வு வருவது அப்போதுதான்.

ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டுமென்றால் டெமோக்களை ஒதுக்கிவிடுங்கள். ஒரே வகை ஸ்டைலை, ஒரே டெம்போவில், ஒரே ஹெட்போனில், ஒலி அளவைக் கவனமாகச் சமன் செய்து கேளுங்கள். சற்றே சத்தமாக ஒலிப்பதைக் காது ‘நிஜம்’ என்று எண்ணிக்கொள்ளும், இது எல்லோருக்கும் நடப்பது. ரிவர்பை (எதிரொலி விளைவு) குறைத்துவிடுங்கள், ரிவர்ப் பல குறைகளை மூடி மறைக்கும். எட்டு பாருக்கு ஒரே கார்ட் வரிசையை எழுதிக்கொள்ளுங்கள். அதில் ஒரு சஸ் ஃபோர், ஒரு டிமினிஷ்ட், பேஸ் மாறிய ஒரு கார்ட் இருக்கட்டும். சஸ் ஃபோரில் பேட் தடத்திலிருக்கும் மூன்றாம் சுரம் நான்காம் சுரமாக மாறுகிறதா என்று கவனியுங்கள். குறைந்தது ஓரிடத்திலாவது கார்டை பீட்டில் மாற்றாமல் நான்காவது பீட்டுக்குப் பின்னால், அரை பீட் முன்கூட்டியே மாற்றுங்கள். பாட்டுகளில் அடிக்கடி வரும் தள்ளல் அது. அந்த அரை பீட்டில் ஒரு கீபோர்டு பழைய கார்டின் பேஸைத் தொடர்ந்து வைத்திருக்கும். இன்னொன்று நீளமாக நின்ற ஸ்டிரிங்ஸை அறுத்துப் புதிதாகத் தொடங்கும். வேறொன்று பேஸைப் புது ரூட்டில் மீண்டும் தட்டி, அடுத்த பாரின் முதல் பீட்டில் இன்னொரு முறையும் தட்டும். அந்த இரட்டைத் தட்டு இருக்கிறதே, கிக் டிரம்மோடு சேராமல் தனியாகத் தடுக்கி விழுவது போல இருக்கும்.

பிறகு டிரம்ஸை முழுவதுமாக மியூட் செய்துவிட்டு, கிட்டாரும் பேஸும் மட்டும் ஒலிக்க அதே எட்டு பாரை மறுபடி வாசியுங்கள். நான் எந்தக் கீபோர்டையும் இப்படித்தான் முதலில் கேட்பேன். டிரம்ஸின் பளபளப்பு போன பிறகும் இரண்டு பேர் வாசிப்பது போலக் கேட்டால், அந்த ஸ்டைலை எழுதியவர் கார்ட் மாறும் ஒவ்வொரு இடத்திலும் உட்கார்ந்து யோசித்திருக்கிறார் என்று அர்த்தம்.